நாணலுக்குள் ஒரு விருந்தாளி

ஹவுராவின் ஆற்றோர விடுதிகள் வார இறுதியில் நிரம்புகின்றன. மாநில விலங்கோ பக்கத்து வயலில், யாருடைய கண்ணிலும் படாமல் வாழ்கிறது. அதற்கு இடம் கொடுத்திருப்பவர்கள் கிராமத்து விவசாயிகள்.

ஹவுரா என்றதும் தமிழ்ப் பயணிக்கு நினைவுக்கு வருவது இரும்புப் பாலமும் ரயில் நிலையத்து நெரிசலும்தான். காடு நினைவுக்கு வராது. ஆனால் சென்னையிலிருந்து வரும் மெயில் கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றைத் தாண்டியதும் ஒரு காட்டு விலங்கின் எல்லைக்குள் நுழைந்துவிடுகிறது. தண்டவாளத்தின் இருபுறமும் குளங்கள், நாணல் திட்டுகள், வெற்றிலைக் கொடிக்கால்கள். இருட்டியதும் அங்கே வேட்டைக்கு இறங்குகிறது மீன்பிடிப் பூனை. வங்காளிகள் சொல்லும் பெயர் பாக்ரோல். மேற்கு வங்கத்தின் மாநில விலங்கு இதுதான்.

வீட்டுப் பூனையைப்போல இரண்டு மடங்கு உருவம். சாம்பல் கலந்த பழுப்பு உடம்பில் வரிசையாகக் கரும்புள்ளிகள். விரல்களுக்கு நடுவே அரைகுறையாகச் சவ்வு. தண்ணீரைக் கண்டு ஓடும் பூனைகளுக்கு மத்தியில், மீனுக்காகத் தண்ணீரில் குதிக்கும் பூனை இது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலிக்குத் தரும் அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு இதற்கும் உண்டு.

வார இறுதிக்கு ஊரைவிட்டு ஓட நினைக்கும் கொல்கத்தாக்காரர்களுக்கு இந்தப் பகுதி புதிதல்ல. மின்சார ரயிலில் உலுபேரியாவில் இறங்கிச் சாலை வழியே போனால் கர்சுமுக். தாமோதர் நதி ஹூக்ளியில் சேரும் இடம். 58 மதகுகள் இருப்பதால் '58 கேட்' என்றே ஊருக்கு ஒரு பெயர். மான் பூங்காவும் ஜில்லா பரிஷத்தின் விடுதியும் உண்டு. இன்னும் கொஞ்சம் தள்ளி பாக்னானில் இறங்கினால் காதியாரா. ரூப்நாராயணும் ஹூக்ளியும் கலக்கும் முனையில் மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி நிற்கிறது. சனிக்கிழமை வருகிறார்கள், ஆற்று மீன் சாப்பிடுகிறார்கள், வேலிக்குள் இருக்கும் மானையும் அஸ்தமனத்தையும் படம் எடுத்துக்கொண்டு ஞாயிறு மாலை ரயிலேறுகிறார்கள். பாக்ரோல் பக்கத்தில் இருப்பதே பலருக்குத் தெரியாது.

அது தங்கும் இடமும் சாதாரணமானதல்ல. ஹவுரா மாவட்டத்தில் தேசியப் பூங்கா கிடையாது. நாணல் நிலங்களில் பெரும்பகுதி தனியார் பட்டா. விவசாயிகள் வளர்த்து வெட்டும் 'கோரி' என்ற புல், வெற்றிலைக் கொடிகளுக்குத் தாங்கலாகவும் பந்தலாகவும் விலைபோகிறது. அந்தப் புல் மறைவில்தான் பூனை குட்டி போடுகிறது. ஆக, இந்த விலங்கு பிழைத்திருப்பதற்கு வனத்துறையின் வேலி மட்டும் காரணமல்ல; வெற்றிலை போடும் வங்காளியின் பழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு.

விவசாயிக்கு இந்த விருந்தாளியால் தொல்லையும் உண்டு. குளத்து மீன் குறையும். எப்போதாவது வாத்தோ ஆட்டுக்குட்டியோ போகும். ஆத்திரத்தில் பூனையை அடித்துக் கொன்ற சம்பவங்கள் உண்டு. நெடுஞ்சாலையில் லாரிகளிலும் சிக்குகிறது. ஆராய்ச்சியாளர் தியாஷா ஆத்யா 2010இல் சக ஆர்வலர்களோடு தொடங்கிய மீன்பிடிப் பூனைத் திட்டம் இந்தக் கோபத்தைத் தணிக்க ஒரு வழி கண்டது. கிராமத்தாரே தங்கள் கொல்லையில் தானியங்கி கேமராக்களைப் பொருத்தினார்கள். இரவில் தங்கள் குளத்தங்கரையில் நடமாடுவது புலிக்குட்டியல்ல, மாநில விலங்கு என்பதைப் படத்தில் பார்த்தார்கள்.

ஆனால் பெரிய எதிரி கோபம் அல்ல, நிலத்தின் விலை. நெடுஞ்சாலையை ஒட்டித் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் பெருகப் பெருக, புல் விற்ற காசு அற்பமாகிவிடுகிறது. மாநில உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின் 1993ஆம் ஆண்டுத் திருத்தம் 5 கட்டா, அதாவது சுமார் 8 சென்ட் அல்லது அதற்கு மேற்பட்ட நீர்நிலையை மூடத் தடை விதிக்கிறது. நிலத்தை விற்றுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய நினைக்கும் குடும்பத்திடம் சட்டம் மட்டும் எவ்வளவு தூரம் பேச முடியும்?

இங்கேதான் ஆப்பிரிக்காவின் கணக்கு கவனிக்கத்தக்கது. நமீபியா 1996இல் ஒரு சட்டம் போட்டு, கிராமங்கள் கூடித் தங்கள் நிலத்து விலங்குகளை நிர்வகிக்க அனுமதித்தது. 1998இல் முதல் சில கிராமக் காப்பகங்கள் பதிவாயின. இன்று 80க்கும் மேல். அங்கே வார இறுதிக்கு வந்து தங்குபவர் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு கிராமத்துக்குப் போகிறது. விடுதியின் சமையல்காரரும் வழிகாட்டியும் உள்ளூர்க்காரர்கள். சிங்கம் மாட்டை அடிப்பது நிற்கவில்லை. ஆனால் உயிருள்ள சிங்கத்துக்கு வருமானம் உண்டு என்பதை மாட்டுக்காரர் கண்டிருக்கிறார்.

ஹவுராவில் இதை அப்படியே நட்டுவைக்க முடியாது. நமீபியாவின் யானை பகலில் தரிசனம் தரும். பாக்ரோல் இரவுப் பிராணி. மூன்று நாள் காத்திருந்தாலும் முகம் காட்டாமல் போகலாம். இங்கே காட்டக்கூடியவை சேற்றில் பதிந்த கால்தடம், முந்தைய இரவின் கேமராப் படம், மாலையில் நாணல் ஓரமாக ஒரு படகுப் பயணம், கொடிக்காலில் புல் கட்டும் விவசாயியோடு ஒரு மணி நேரம். கூட்டம் பெருகினால் ஆபத்தும் உண்டு. ஒலிபெருக்கி வைத்த பிக்னிக் கும்பலும், நாணலை மண்போட்டு மூடி எழும் புதிய ரிசார்ட்டும் பூனையை விரட்டத்தான் உதவும்.

இப்போது விடுதி வாடகை கழகத்துக்கோ ஜில்லா பரிஷத்துக்கோ போகிறது. சாப்பிட்ட காசும் வண்டிக் காசும் கடைவீதியில் நின்றுவிடுகின்றன. நாணலை வெட்டாமல் விட்டுவைப்பவருக்கு அதில் ஒரு பங்கு கிடைத்தால், மீனைத் தின்னும் பூனை அவருக்கு நஷ்டக் கணக்காகத் தெரியாது. அதுவரை பாக்ரோலின் வாடகையை, கேட்காமலே கட்டிக்கொண்டிருப்பவர் அந்த விவசாயிதான்.