சிகரெட் வாடை அடிக்கும் ஃபிளாட்: பெயின்ட் அடிச்சு விற்கலாமா, அப்படியே விற்கலாமா?

ராயப்பேட்டையில் அப்பா வாங்கிய பழைய ஃபிளாட் உங்க பேருக்கு வந்திருக்குன்னு வெச்சுக்குவோம். 20 வருஷம் ஹாலிலேயே சிகரெட் பிடித்தவர். பார்க்க வர்றவங்க மூக்கைச் சுளிச்சு, ‘2 லட்சம் குறைச்சுக்கோங்க’ன்னு கேட்கிறாங்க.

ரூம் ஸ்ப்ரே தீர்வே இல்லை. 2011-ல் ‘டொபாக்கோ கன்ட்ரோல்’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், காலி பண்ணி, சுத்தம் செய்து, சுமார் ரெண்டு மாசம் ஆன வீடுகளிலும் நிகோட்டின் படிவு இருந்தது.

செய்ய வேண்டிய வரிசை:

1. திரைச்சீலை, மெத்தை, சோபாவை அகற்றுங்க. ஏசியை சர்வீஸ் பண்ணுங்க.
2. சுவர், சீலிங், ஃபேனை சோப்புத் தண்ணியில் துடைச்சுக் காயவிடுங்க.
3. கறையை அடைக்கும் பிரைமர், அப்புறம் பெயின்ட். நேரா பெயின்ட் அடிச்சா மஞ்சள் கறை மறுபடி மேலே வரும்.

இப்போ வரிக்கு வருவோம். பெயின்ட், கிளீனிங் எல்லாம் பராமரிப்புச் செலவு. வீட்டை மேம்படுத்திய செலவுன்னு மூலதன ஆதாயத்தில் பொதுவா கழிக்க முடியாது. ஆனா, கூடுதலா கிடைக்கும் விலைக்கு வரி உண்டு.

நீண்டகால ஆதாயத்துக்கு 12.5% கட்டுறீங்கன்னா (செஸ், சர்சார்ஜ் தனி):

கூடுதல் விலை: ரூ.2,00,000
வரி: ரூ.25,000
கையில்: ரூ.1,75,000

வேலைக்கு ரூ.80,000 ஆனா, ரூ.95,000 லாபம். கொட்டேஷனே ரூ.1,75,000-ஐத் தாண்டினா, வாடையைச் சொல்லி விலையைக் குறைச்சு விற்கிறதே மேல். பெயின்டரைக் கூப்பிடும் முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுடுங்க!