எழுத்துக்கு முற்பட்ட இலங்கைச் சமுதாயங்கள்: தொல்லியல் கூறுவதும் கூறாததும்

நூலும் கல்வெட்டும் இல்லாத காலத்து மக்களைப் பற்றிப் பேச நேர்கையில் நாம் ஐதிகங்களையே நாடுகின்றோம். இயக்கர், நாகர் பற்றிய கதைகள் அவ்வாறே வரலாறாக உலவுகின்றன. யார் முதலில் வந்தவர் என்னும் இன்றைய வழக்குகளில் அவை சாட்சிகளாகவும் நிறுத்தப்படுகின்றன. தொல்லியலின் வழி வேறு. மனிதன் சொல்லிச் சென்றதை விட்டு, அவன் போட்டுச் சென்றதை அது சான்றாகக் கொள்கின்றது.

அதன் முறை எளியது. 2004 டிசம்பர் 26இல் சாய்ந்தமருதுக் கரையில் கடல் ஏற்றிய மணற்படை எங்கேனும் கலையாது எஞ்சியிருக்குமாயின், அதற்குக் கீழே கிடக்கும் ஓட்டுத்துண்டு அந்நாளுக்கு முந்தியது. மேலே கிடப்பது பிந்தியது. மண்ணடுக்காய்வின் அடிப்படை இதுவே. எனவேதான் கிடைத்த பொருளைப் போலவே அது கிடந்த இடமும் சான்றாகின்றது. இதனையறியாது தோண்டும் புதையல் வேட்டைக்காரன் பொருளைப் பெறுகின்றான். அதன் வரலாற்றை அழித்துவிடுகின்றான்.

சாய்ந்தமருதை அடுத்த வயல்வெளிகளுக்கு நீரளிப்பது பட்டிப்பளை ஆறு எனப்படும் கல்லோயாவாகும். அதன் மேற்படுகையைச் சார்ந்த நில்கலக் குகையிலே, 1907ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து அறிஞர்களான பவுல் சரசினும் பிரிட்ஸ் சரசினும் அகழ்ந்து குவார்ட்சுக் கற்கருவிகளைக் கண்டனர். வேடரின் முன்னோரைத் தேடி வந்த அவர்களது முடிபுகள் பல இன்று ஏற்புடையன அல்ல. ஆயினும் இலங்கையின் கற்கால ஆய்வுக்கு அடித்தளமிட்டோருள் அவர்கள் அடங்குவர்.

அக்கருவிகளின் காலத்தொன்மை பின்னரே தெளிவாயிற்று. சிரான் தெரணியகலவின் ஆய்வுகளும் அவற்றைத் தொடர்ந்தனவும், ஐரோப்பாவிற் பனியூழி முடிந்த பின்னரே பரவலாகிய நுண்கற்கருவிகள் இலங்கைக் குகைகளில் மிக முன்னரே வழக்கிலிருந்தமையை நிறுவின. பாகியன்கலக் குகையின் பழைய படைகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அங்கு கிடைத்த எலும்புகளிற் பெரும்பாலானவை குரங்கு, அணில் போன்ற மரவாழ் விலங்குகளுடையவை. உடன் கிடைத்தவை எலும்பாலான அம்புமுனைகள். மரக்கிளையில் விரையும் சிறுவிலங்கை வீழ்த்த வில்லும் பயிற்சியும் வேண்டும்; விலங்கின் வழக்கங்கள் பற்றிய அறிவும் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட வேண்டும். குப்பையாக எறியப்பட்ட எலும்பு இவ்வாறு ஒரு கல்விமுறைக்கே சான்றாகின்றது. கடற்சிப்பி மணிகளும் இக்காட்டுக் குகைகளில் உள்ளன. கரையோரத்துக்கும் உள்நாட்டுக்கும் இடையே அன்றே தொடர்பு நிலவியது என்பதை இவை உணர்த்துகின்றன. 'காட்டுமிராண்டி' என்னும் சொல்லைக் கைவிட இவை போதுமானவை.

உற்பத்தி முறையின் மாற்றத்தைக் கொண்டு சமுதாய வளர்ச்சியை விளக்கிய கோர்டன் சைல்ட், உணவு உற்பத்தியின் தொடக்கத்தைப் புதிய கற்காலப் புரட்சி என்றார். இலங்கையில் அக்கட்டம் தெளிவாகப் புலப்படவில்லை. நுண்கற்கருவிகளை அடுத்து இரும்பு, நெல், குதிரை, கருஞ்செம்மட்பாண்டம் ஆகியன அனுராதபுரத்திற் கி.மு. 900 அளவிற் காணப்படுகின்றன. சைல்டின் படிமுறையை இங்கு அப்படியே பொருத்துவது பிழையாகும். உற்பத்தியை நோக்கி அவர் எழுப்பிய வினாவே நமக்குப் பயனுடையது.

ஈமச்சின்னங்களும் பல செய்திகளைத் தருவன. மேற்குக் கரையில் பொம்பரிப்பிலே தாழிகளும், மட்டக்களப்பின் வடபால் கதிரவெளியிலே கற்பதுக்கைகளும் உள்ளன. பொம்பரிப்பில் ஒரே தாழிக்குள் பலருடைய எலும்புகள் இடப்பட்டிருந்தன. உடலை முதலில் வேறிடத்தில் வைத்து, எலும்பைப் பின்னர் சேர்த்துப் புதைத்திருக்கின்றனர். ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவை நெருங்கிய ஒப்புமை உடையன. ஒப்புமை தொடர்பைக் காட்டலாம். புதைக்கப்பட்டவரின் மொழியையோ இனத்தையோ அது மட்டும் காட்டிவிடாது. தாழியைத் தமிழ்த்தாழி என்றும் சிங்களத்தாழி என்றும் உரிமை கோருவோர் இருசாராரும் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்த ஈமப்புதைவில், பிராமி எழுத்துகளும் குறியீடுகளும் ஒருங்கே பொறித்த முத்திரை கிடைத்தது. மொழி பற்றிய வினாவை அங்கே எழுப்புதல் முறையாகும்; எழுத்து அங்கே உள்ளது. நில்கலவின் கற்சில்லுகளைச் செதுக்கியோர் எம்மொழி பேசினர் என்பதற்கோ மண்ணில் விடையில்லை.