வைரஸ் அடங்கியது, அழற்சி அடங்கவில்லை

2004 ஏப்ரலில் மத்திய அரசு எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, முதல் மையங்களில் ஒன்றாகத் தாம்பரம் சானடோரியம் இருந்தது. அங்கே முப்பது வயதில் மாத்திரை தொடங்கியவருக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். அன்று அவருடைய கொலஸ்ட்ராலைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? காசநோயிலிருந்து பிழைப்பாரா என்பதுதான் கேள்வி. பிழைத்தார். ஐம்பதுக்குப் பிறகு எல்லோரையும் தேடி வரும் மாரடைப்பு இவரையும் தேடுகிறது, கொஞ்சம் முன்னதாகவே. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு.

முதலில் சந்தேகம் மாத்திரைமீதுதான் விழுந்தது. அதில் நியாயமும் இருந்தது. 1990களின் பிற்பாதியில் வந்த புரோட்டியேஸ் தடுப்பான்கள் என்ற எச்.ஐ.வி. மருந்துகள் உயிரைக் காத்தன. கூடவே இரத்தக் கொழுப்பையும் ஏற்றின. 23,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, கூட்டு மருந்து எடுக்கும் முதல் சில ஆண்டுகளில், ஆண்டுக்கு ஆண்டு மாரடைப்பு அபாயம் 26 சதவீதம் கூடுவதாக 2003-இல் சொன்னது.

அப்படியானால் மாத்திரைக்கு அவ்வப்போது லீவு கொடுத்தால் என்ன? 33 நாடுகளில் 5,472 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஸ்மார்ட் என்று பெயர். எச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் நோயெதிர்ப்புச் செல்களான சிடி4-இன் எண்ணிக்கை நன்றாக இருந்தால் ஒரு பிரிவினர் மருந்தை நிறுத்தலாம். 250-க்குக் கீழே இறங்கினால் மீண்டும் தொடங்க வேண்டும். 2006 ஜனவரியில் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களைவிட, லீவு எடுத்தவர்களில் அதிகம் பேர் இறந்தார்கள். இதய நோயும் அவர்களுக்கே கூடுதலாக வந்தது. குற்றவாளி மாத்திரை மட்டும் என்ற வழக்கு அங்கே உடைந்தது.

பிறகு யார்? பதில் குடலில் இருக்கிறது. தொற்றிய முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரில் உள்ள சிடி4 செல்களை வைரஸ் பெருமளவு அழித்துவிடுகிறது. சுவர் தளர்கிறது. குடல் பாக்டீரியாக்களின் துணுக்குகள் இரத்தத்தில் கசிகின்றன. வேலி பிரிந்த வீட்டு நாய் போல, நோயெதிர்ப்புச் செல்கள் இரவும் பகலும் குரைத்துக்கொண்டே இருக்கின்றன. மருந்து வைரஸைச் சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைத்த பிறகும் இந்த வேலி முழுதாக அடைபடுவதில்லை. விழிப்பிலேயே இருக்கும் மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் தமனிச் சுவருக்குள் புகுந்து, கொழுப்பை விழுங்கி, அங்கேயே உப்பிக் கிடக்கின்றன. இப்படி உருவாகும் படிவு மென்மையானது, எளிதில் வெடிப்பது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

ஓயாத இந்த விழிப்பை, அதாவது அழற்சியைத் தணிக்க ஏதாவது கொடுக்கலாமே என்ற யோசனையில் பிறந்தது ரிப்ரீவ் ஆய்வு. இந்தியா உட்படப் பல நாடுகளில், எச்.ஐ.வி. உள்ள, 40 முதல் 75 வயதுடைய 7,769 பேர். அவர்கள் பெரிய கொலஸ்ட்ரால்காரர்கள் அல்லர். வழக்கமான கணக்குப்படி, கொலஸ்ட்ராலைக் குறைத்து அழற்சியையும் தணிக்கும் ஸ்டேட்டின் எழுதிக் கொடுக்கத் தயங்கக்கூடியவர்கள்தான். பாதிப் பேருக்குத் தினமும் பிட்டாவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் 4 மில்லிகிராம், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்ததால் 2023-இல் ஆய்வை முன்கூட்டியே முடித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் சர்க்கரை நோய் சற்றுக் கூடுதலாக வந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

ஏன் பிட்டாவாஸ்டேட்டின்? சிம்வாஸ்டேட்டின் என்ற இன்னொரு ஸ்டேட்டினை, ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துடன் சேர்க்கவே கூடாது. இரண்டுக்கும் கல்லீரலில் ஒரே நொதியோடுதான் வேலை. ரிட்டோனாவிர் அதை முடக்கிவிட, சிம்வாஸ்டேட்டின் இரத்தத்தில் தேங்கித் தசைகளைச் சிதைக்கும். பிட்டாவாஸ்டேட்டினுக்கு அந்தத் தகராறு இல்லை.

நடைமுறைச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு ஒரு சீட்டு, இதய டாக்டருக்கு ஒரு சீட்டு. "எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது" என்று இரண்டாவது இடத்தில் சொல்ல வாய் வருவதில்லை. பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது, பயம் போகவில்லை. சொல்லாவிட்டால் ஆபத்தும் உண்டு: இப்போது எச்.ஐ.வி.க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் டொலுடெக்ராவிர், சர்க்கரை நோயாளிகள் விழுங்கும் மெட்ஃபார்மினின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். அதனால் மெட்ஃபார்மினைக் குறைத்து எழுத வேண்டியிருக்கும். மெட்ஃபார்மின் எழுதும் டாக்டருக்கோ இன்னொரு சீட்டு இருப்பதே தெரியாது.