துருப்பிடித்து முறிந்த போல்ட்டை எடுப்பது எப்படி?

லாரி, பஸ் தயாரிக்கும் அசோக் லேலண்ட் தொழிற்சாலை உள்ள எண்ணூரை ஒட்டியது காத்திவாக்கம். அங்கேயும் உப்புக்காற்று கார், டிராக்டர், பம்புசெட் என்று பேதம் பார்ப்பதில்லை. சைலன்சர் போல்ட்டுகள்தாம் முதலில் இறுகும்.

தலை முறிந்தால் உடனே உளியைத் தூக்க வேண்டாம். மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடவும். முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், எண்ணெயை நன்றாகத் துடைத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து ஸ்பானரால் திருப்பலாம். வெல்டிங் சூடே பாதி வேலையை முடித்துவிடும்.

உள்ளே முறிந்திருந்தால் நட்டநடுவில் பஞ்ச் அடித்து, துளையிட்டு, இடமரை எக்ஸ்ட்ராக்டரை இடப்பக்கமாகத் திருப்பவும். அடம்பிடித்தால் நிறுத்திவிடுங்கள். அது கடினமான எஃகு. உள்ளேயே முறிந்தால் சாதாரண டிரில் ஏறாது, எஞ்சின் ஹெட்டே பட்டறைக்குப் போக வேண்டியதுதான். புது போல்ட்டின் மரையில் கிராஃபைட் கிரீஸ் தடவி மாட்டவும்.