கஞ்சாவுக்கு ஒரு ஓ.பி. சீட்டு

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கோ டேனரிக்கோ போய்வரும் ஒருவர் கஞ்சாவை விட முடியாமல் தவிக்கிறார் என்று தெரிந்ததும், வீட்டில் இரண்டு யோசனைதான் எழும். எங்காவது மறுவாழ்வு மையத்தில் சில மாதம் அடைத்துப் போடுவது. இல்லையென்றால் போலீசுக்குப் பயந்து மூடி மறைப்பது. வேலையை விடாமல், ஓ.பி. சீட்டு போட்டு, வாரம் ஒருமுறை மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்துவருவது என்ற மூன்றாவது வழி பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலானோருக்கு முதலில் முயல வேண்டியது அதுதான். சாராயத்துக்கு ஆஸ்பத்திரி உண்டு என்று ஊருக்கே தெரியும். கஞ்சாவுக்கும் உண்டு என்றால் சிரிக்கிறார்கள். 2019ல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வோ, கஞ்சாவால் உதவி தேவைப்படும் நிலையில் நாட்டில் சுமார் 72 லட்சம் பேர் இருப்பதாகக் கணக்கிட்டது.

'மூலிகைதானே, நினைத்தால் விட்டுவிடலாம்' என்பார்கள். எல்லோரும் அடிமையாவதில்லை என்பது உண்மை. ஆனால் நாள்தோறும் பல ஆண்டு இழுத்தவர் நிறுத்தினால், ஓரிரு நாளில் எரிச்சல், பசியின்மை, பதற்றம், தூக்கமின்மை தொடங்கி முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். 'விட்டதிலிருந்துதான் சண்டை போடுகிறான்' என்று வீட்டார் அலுத்துக்கொள்வது அந்த வாரத்தில்தான். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும். தூக்கம் மட்டும் தாமதமாகத் திரும்பும். கஞ்சா ஏக்கத்தைப் போக்கவென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. ஆகவே பேச்சுதான் இங்கே வைத்தியம். 'வெறும் பேச்சா?' என்று கேட்பவர்களுக்கு 2004ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பதில் சொல்கிறது. 450 பெரியவர்களில், ஒன்பது அமர்வு ஆலோசனை பெற்றவர்களில் நான்காம் மாதத்தில் ஏறக்குறைய 23 சதவீதம் பேர் முழுதாக விட்டிருந்தார்கள். இரண்டு அமர்வோடு நின்றவர்களில் 9 சதவீதம். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் 4. முழுதாக விடாதவர்களும் குறைத்திருந்தார்கள். அற்புதமில்லைதான். ஆனால் காத்திருந்தால் கிடைப்பதைவிடப் பல மடங்கு.

அந்த அமர்வில் அறிவுரை மழை பொழிவதில்லை. எந்த நேரத்தில் கை பொட்டலத்தைத் தேடுகிறது என்று நோயாளியே எழுதிவருவார்: ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டியதும், சம்பளம் கைக்கு வந்த மாலையில், அந்த ஒரு நண்பனின் போன் வந்தால். பிறகு ஒவ்வொன்றுக்கும் மாற்று: வேறு தெரு வழியாக வீடு, சம்பளம் நேராக மனைவி கணக்குக்கு, அந்த எண்ணுக்கு பிளாக். பீடித்தூளோடு கலந்து இழுப்பவர் புகையிலையையும் சேர்த்தே விட வேண்டும். பீடி பற்றியதுமே பழைய ஆசை எழுந்து நிற்கும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957லிருந்து இயங்குகிறது. குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது அங்கே நெடுநாள் வழக்கம்.

'பூட்டி வைக்காமல் திருந்துவானா?' பிரமை, தற்கொலை எண்ணம், கூடவே கடுங்குடி என்றிருந்தால் உள்நோயாளியாகச் சேர்ப்பது அவசியமே. அப்போதும் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளை அது மனநோயில் சேர்த்திருக்கிறது. பதிவு பெற்ற மையமாக இருக்க வேண்டும், சங்கிலி கூடாது, நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும். அவர் விருப்பமின்றிச் சேர்த்தால் முதல் கட்டம் 30 நாளைத் தாண்டக் கூடாது. மறுஆய்வு வாரியத்தில் முறையிடவும் உரிமை உண்டு.

போலீஸ் பயத்துக்கு வருவோம். போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவில் கஞ்சா பயன்படுத்தியதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டத்தின் 64ஏ பிரிவோ, போதைக்கு அடிமையானவர் அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்கும் சிறு அளவு சம்பந்தப்பட்ட குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. விற்பவன் இதில் ஒளிந்துகொள்வானே என்ற அச்சம் நியாயம்தான். 2021ல் பக்கத்து வாணியம்பாடியில் முன்னாள் கவுன்சிலர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டபோது கஞ்சா விவகாரத்தோடு சேர்த்தே செய்திகள் வந்தன. ஆனால் விலக்கு அடிமையானவருக்கு மட்டும்தான். சிறு அளவின் வரம்பு ஒரு கிலோ. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு ரத்தாகலாம். எனவே தேதியிட்ட ஓ.பி. சீட்டையும் ஒவ்வொரு வருகைப் பதிவையும் பத்திரப்படுத்துங்கள். வழக்கு வந்துவிட்டால் 15100க்கு அழைத்து இலவச சட்ட உதவி கேட்கலாம். அதற்கு முன்பே பேச, போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416 இரண்டும் இருக்கின்றன.