கல்லாப் பணம் ரூ.38 ஆயிரம் மாயம்! துப்புக் கொடுத்தது கடிகாரப் படம்

சென்னையில் ஒரு போலீஸ் நிலையம். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரம். வழக்கம்போல் கிரைம் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன்.

மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர் ஆவேசமாக நின்றார். வயது 67. "கல்லாவுல வெச்ச 38 ஆயிரத்தக் காணோம். கடைப் பையந்தான் எடுத்துருக்கான். புடிச்சி உள்ள போடுங்கய்யா!" என்று சத்தம் போட்டார்.

பையன் ஓரமாக நின்றான். 19 வயது இருக்கும். அழுது அழுது முகம் வீங்கி இருந்தது. "சத்தியமா எடுக்கலை சார்" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

மறுநாள் பணம் கிடைத்தது. எங்கே தெரியுமா? மிளகாய் மூட்டைக்குள்! துணியில் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டி இருந்தது. அந்த முடிச்சைப் பார்த்ததுமே மகனுக்குப் புரிந்துவிட்டது. அது அப்பா போடும் முடிச்சு. அண்ணாச்சியோ, "நான் வெக்கவே இல்ல" என்று கடைசி வரை சாதித்தார்.

ஏட்டு ஒருவர் மகனைத் தனியே அழைத்தார். "தம்பி, இது எங்க கேஸ் இல்ல. டாக்டர் கேஸ். கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்றார்.

மகனின் சம்மதத்தோடு நானும் கூடப் போனேன்.

3 நிமிட சோதனை

ஏதோ பெரிய மிஷினுக்குள் படுக்க வைப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. அவ்வளவுதான்!

"மூணு வார்த்தை சொல்றேன் ஐயா. ஞாபகம் வெச்சுக்குங்க. வாழைப்பழம், சூரிய உதயம், நாற்காலி" என்றார் டாக்டர். அண்ணாச்சி அப்படியே திருப்பிச் சொன்னார்.

"இப்ப ஒரு கடிகாரம் வரைஞ்சு, 11 மணி 10 நிமிஷம் காட்டுங்க."

வட்டம் சுத்தமாக வந்தது. 12 எண்களும் சரி. சின்ன முள் 11-ல். பெரிய முள்? பேனா அந்தரத்தில் நின்றது. பிறகு 10 என்ற எண்ணுக்கே கோட்டை இழுத்துவிட்டார். (10 நிமிஷத்துக்கு முள் 2-ல் அல்லவா நிற்க வேண்டும்?)

"சரி ஐயா, அந்த மூணு வார்த்தை?"

"வாழைப்பழம்..." அதற்கு மேல் வரவில்லை. நெற்றியைத் தேய்த்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டார்.

வார்த்தைக்கு ஒரு மார்க், கடிகாரத்துக்கு 2. மொத்தம் 5. அண்ணாச்சிக்கு 1. மூன்றுக்குக் குறைந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். இதற்கு 'மினி-காக்' என்று பெயர். அமெரிக்க டாக்டர் சூ போர்சன் குழுவினர் 2000-ம் ஆண்டில் வெளியிட்டது.

இத்தனைக்கும் 20 வருஷத்துக்கு முந்தைய பருப்பு விலையைக் கேட்டால் அண்ணாச்சி டக்கென்று சொல்வார். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராததற்கு அதுதான் காரணம். பழசு நிற்கும்; இன்று காலை நடந்தது நிற்காது.

'பெயில்' ஆனால் பைத்தியமா?

மகனுக்கு அந்தப் பயம்தான். "எம் மகளுக்கு வரன் பாக்குறோம் சார். அப்பாவுக்குப் பைத்தியம்னு எழுதிடாதீங்க" என்றார்.

"தெர்மாமீட்டர் காய்ச்சல்னு சொல்லும். டைபாய்டா, மலேரியாவான்னு சொல்லுமா? இதுவும் அப்படித்தான்" என்றார் டாக்டர். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், தலையில் அடிபட்டு உள்ளே கட்டும் ரத்தம் என்று பல காரணத்தால் ஞாபகம் தடுமாறலாம். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. மூளைத் தேய்வு என்றே தெரிந்தாலும், சொத்துப் பத்திரம், பேங்க் கணக்குகளை அவர் நிதானத்தில் இருக்கும்போதே ஒழுங்குபடுத்தலாம். நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் என்று 2023-ல் வந்த ஆய்வுக் கணக்கு சொல்கிறது.

பள்ளிக்கூடம் போகாதவர் பாடு?

இதை நானே டாக்டரிடம் கேட்டேன். பேனாவே பிடிக்காத பாட்டியிடம் கடிகாரம் வரையச் சொன்னால் எப்படி?

நியாயமான கேள்விதானாம். 1975-ல் அமெரிக்காவில் வந்த 30 மார்க் சோதனையில், 100-லிருந்து 7, 7-ஆகக் கழிக்க வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும். படிக்காதவர் அதில் நல்ல ஞாபகம் இருந்தும் தோற்பார். அதனால் அரியானாவின் பல்லப்கர் பகுதியில் எழுதப்படிக்கத் தெரியாத முதியவர்களுக்கென்றே கேள்விகளை மாற்றி, 1995-ல் இந்தியில் வெளியிட்டார்கள். நிறையப் படித்தவர் கதை தலைகீழ். ஆரம்பக் கோளாறு இருந்தாலும் சமாளித்துப் பாஸ் ஆகிவிடுவார்.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் உருவாகி 2005-ல் வெளியான சோதனையில் 12 வருஷத்துக்கு மேல் படிக்காதவர்களுக்கு ஒரு மார்க் கூடுதலாகத் தருகிறார்கள். (அப்படியானால் எனக்கும் ஒன்று உண்டு!) அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் 2018-ல் 30-க்கு 30 வாங்கியதாகச் சொன்னது இந்தச் சோதனையில்தான். புத்திசாலிக்கு வைக்கும் பரீட்சை அல்ல இது. தடுமாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது.

முதியவரை அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க: கண்ணாடி, காது மிஷினை மறக்க வேண்டாம். காதில் விழாத வார்த்தை எப்படி ஞாபகம் இருக்கும்? முதல்நாளே வீட்டில் கடிகாரம் வரையப் பழக்கிவிட்டுப் போகவும் வேண்டாம். உண்மை மறைந்துவிடும்.

அண்ணாச்சிக்கு ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று வந்தது. ஊசி போடுகிறார்கள். சில மாதம் கழித்து மீண்டும் சோதனை. முழுக்கச் சரியாகும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை.

கல்லாவில் இப்போது மகன் உட்காருகிறார். பையன் அடுத்த தெருவில் வேறு கடைக்குப் போய்விட்டான். மகன் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுக் கூப்பிட்டும் வரவில்லை.

அண்ணாச்சி தினமும் கடை திறந்ததும் கேட்கிறாராம்: "ஏலே, பையன் எங்க? இன்னும் வரலியா?"