அடி காணாத பக்கம்

தாய்மார்களே, விடியுமுன் பள்ளி பஸ்ஸுக்கு எழ வேண்டிய பிள்ளை நடுநிசி வரை கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே இருக்கிறானா? அவனை மட்டும் ஏசாதீர்கள்.

முன்பெல்லாம் இணையப் பக்கத்துக்கும் அடி உண்டு. அடுத்ததைப் பார்க்கப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நொடியில் ‘போதும்’ என்று தோன்றும். 2006-இல் அமெரிக்கரான ஏசா ரஸ்கின், தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும்படி பக்கத்தை அமைத்தார். வாசிப்பவருக்குச் சிரமம் குறையட்டும் என்றுதான் செய்தார். பிறகு அவரே வருந்தினார். ஃபேஸ்புக், டிக்டாக் எல்லாம் இன்று ஓடுவது அப்படித்தான்.

டிக்டாக் 2023-இல் 18 வயதுக்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு 60 நிமிட வரம்பு வைத்தது. ஆனால் இரகசிய எண்ணைத் தட்டினால் மேலும் பார்க்கலாமாம்! நல்ல பூட்டு, சாவியும் திருடன் கையில்! அந்த எண்ணை நீங்களே போட்டு வையுங்கள், பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.